முன்கூட்டி வெட்டிய துணி

நூற்றுப் பதினாறா, நூற்றுப் பதினேழா. அம்சவேணி ஊசியை நிறுத்திவிட்டு, கட்டைவிரல் நகத்தால் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே பின்னோக்கி எண்ணினாள். பதினேழுதான். இடுப்புப் பட்டியில் நூற்றுப் பதினேழு மடிப்பு ஏறிவிட்டது, இன்னும் நூற்று எழுபத்தொன்று பாக்கி. நான்கு கஜம் சுற்றளவுள்ள பாவாடையை இருபத்தாறு அங்குல இடுப்புக்குள் அடைக்க வேண்டும். நம் ஊர்ப் பாவாடை என்றால் ஒரு நூலை ஓட்டிச் சுருக்கி, மெஷினில் கடகடவென்று ஒரு தையல் விட்டால் தீர்ந்தது. இது வெள்ளைக்காரி ஒருத்தி போட்டிருந்த கவுன், நூற்றறுபது வருஷத்துக்கு மேல் பழசு, தையல் மெஷின் இந்த மலையேறாத காலத்துச் சமாசாரம். கால் அங்குலத்துக்கு ஒரு தையலாக அளந்து மூன்று வரிசை நூல் ஓட்டி, மூன்றையும் சேர்த்து இழுத்தால் துணி விசிறிபோல மடிந்து நிற்கும். அப்படி நிற்கிற ஒவ்வொரு மடிப்பின் முனையையும் தனித்தனியே பட்டியோடு இரண்டு தையல் வைத்துப் பிடிக்க வேண்டும். கையால்தான். பருத்தி நூலால்தான், நூலையும் தேன்மெழுகில் இழுத்த பிறகுதான். முப்பது வருஷம் மெஷின் மிதித்த காலுக்கு இந்த ஐந்து வாரமாக வேலையே இல்லை, வலி மட்டும் எப்படியோ காலில்தான் இருக்கிறது. எதிரே நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து அசல் கவுனைப் படுக்கவைத்திருந்தார்கள். காப்பிக்கொட்டை நிறத்தில் சின்னச் சின்னக் கிளை போட்ட பருத்தி. பழைய காப்பித் தோட்டத்துப் பங்களாவை மியூசியம் ஆக்குகிறார்கள். அசலைப் பொம்மைக்கு மாட்டினால் உதிர்ந்துவிடுமாம், ஆகவே நூலிழை பிசகாமல் அதேபோல ஒன்று வேண்டும். சனிக்கிழமை திறப்பு, இன்று வியாழன். நூற்றுப் பதினெட்டு. ஜன்னல் கட்டையில் வைத்த போன் சும்மா கிடந்தது. இந்தப் பங்களாவில் அந்த ஒரு ஜன்னலில்தான் சிக்னல் வரும், அதுவும் மழை விட்டால்தான் வரும், மழை விட்டிருந்தது, ஆகவே அடிக்காததற்குச் சிக்னலைக் குறை சொல்ல முடியாது.

காலை ஏழரைக்குக் கோவையிலிருந்து கோகிலா கூப்பிட்டாள். "அம்மா, நேத்து ராத்திரியிலிருந்து பாப்பா அசையவே இல்ல. தண்ணி குடிச்சுப் பாத்தேன், இடது பக்கமாப் படுத்துப் பாத்தேன். அவரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாரு. ஸ்கேன் பாத்துட்டுப் போன் பண்றேன், நீ பயந்துக்காதே." மகள் குரலில் பயம் இல்லை. அதுதான் அம்சவேணிக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயசில் கரப்பானைப் பார்த்தால் ஊரைக் கூட்டுகிறவள், நிஜமாகவே ஏதாவது ஆனால்தான் இப்படி நிதானமாகப் பேசுவாள். எட்டாவது மாதம் நடக்கிறது. அடுத்த ஞாயிறு, ஒன்பது பிறந்ததும் வளைகாப்பு, வளைகாப்பு முடிந்ததும் குன்னூருக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. கோவைக்கு உடனே இறங்கிவிடலாம் என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து கிடக்கிறது. பார்த்தால் இரண்டு பாதையும் பேசி வைத்துக்கொண்டு அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. அம்சவேணியின் புருஷன் மாரப்பன் ஜீப்போடு ஸ்டாண்டில் நிற்கிறான். "ரோடு தொறந்தான்னா அந்த நிமிஷமே பங்களாவுக்கு வந்து ஹாரன் அடிக்கறேன், அதுவரைக்கும் நீ போய் உன்ற வேலையைப் பாரு, வூட்டுல உக்காந்தா நீ என்னையும் சேத்துக் கொன்னு போடுவே" என்றான். சரியாகத்தான் சொன்னான். வேலை இருந்தால் கை ஓடும், கை ஓடினால் மனசு அதன் பின்னால் ஓடிப்போய்க் கொஞ்சம் களைக்கும் என்று அவளும் நினைத்தாள். மனசு களைக்கிற ஜாதி இல்லை. நூற்று இருபத்துமூன்று. அசையவில்லை என்றால் தூங்குகிறது. பிள்ளைகள் உள்ளேயும் தூங்கும். கோகிலாவே வயிற்றில் இருக்கும்போது ஒரு நாள் முழுக்கத் தூங்கியிருக்கிறாள், பிறகு சினிமாக் கொட்டகையில் சண்டைக் காட்சி வந்தபோது எழுந்து உதைத்தாள். அவள் தூங்கினாள். அவளுக்கு அடுத்தவன். நூற்று இருபத்துநான்கு. அடுத்தவனைப் பற்றி இன்று நினைப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியாகிவிட்டது.

நாற்காலிக் காலடியில் அவளுடைய பை. பைக்குள் ஒரு பழைய துவாலை, துவாலைக்குள் அந்தச் சட்டை. காலையில் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் பையில் போட்டபோது வழியில் எங்கேயாவது எறிந்துவிட வேண்டும் என்றுதான் போட்டாள். மினி பஸ் ஜன்னல் வழியே நான்கு வளைவு போயிற்று, கை பைக்குள் போனது, திரும்பி வந்தது. குப்பைமேட்டில் பிள்ளைச் சட்டையை எறிகிறதா என்று ஒரு மனம், பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைத்து வைக்கிறதா என்று இன்னொரு மனம். இரண்டும் அவளையே திட்டின. முப்பது வருஷத்தில் எத்தனை பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, அக்கா, ஒரு சின்னச் சட்டை மட்டும் ஆசைக்கு என்று கேட்டிருப்பார்கள். ஒருத்திக்கும் தைத்ததில்லை. "பொறக்கட்டும் கண்ணு. பொறந்த அன்னைக்கே தெச்சுத் தாரேன், அதுவரைக்கும் பழைய வேட்டி போதும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். பிள்ளை கைக்கு வருமுன் அதற்கென்று புதுத் துணியில் கத்தரி வைக்கக்கூடாது. அது எல்லார் வீட்டிலும் உள்ளது, அவள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாக உள்ளது, அவள் சம்பந்தியம்மா வீட்டில் சட்டமாகவே உள்ளது. அப்படிப்பட்டவள் இப்படிச் செய்தது எப்படி என்றால், செய்யவில்லை, நடந்துவிட்டது. மியூசியத்து மிருணாளினி மேடம் மடிப்பு வேலையை முதலில் சாம்பிளாகக் காட்டச் சொன்னாள். லைனிங்குக்கு வாங்கி நான்கு தரம் துவைத்த காடாத் துணியில் இரண்டு கஜம் எடுத்துப் பாவாடையில் சரிபாதியாக மடிப்புப் பிடித்தாள். பதின்மூன்று அங்குலத்தில் அழகாக நின்றது. சாம்பிள் பாஸாகிவிட்டது. வீட்டில் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மேலே ஒரு துண்டு வைத்தால் நெஞ்சுப் பகுதி ஆயிற்று, இரண்டு வளைவு வெட்டினால் கைக்குழி ஆயிற்று, கழுத்துக்கு ஒரு ஓரம் மடித்தால் முடிந்தது. கை பாட்டுக்கு வெட்டியது. முடித்து நிமிர்ந்த பிறகுதான் மடியில் இருப்பது என்ன என்று பார்த்தாள். பார்த்ததும் கத்தரியைத் தள்ளி வைத்தாள். அதைவிட மோசம் அளவு. பிறந்த பிள்ளைச் சட்டைக்கு மார்புச் சுற்று பதினாறு அங்குலமாவது வேண்டும், இது பதின்மூன்று. இந்த அளவில் எந்தப் பிள்ளைக்கு என்று அவளே கேட்டு, மாசம் முடியாத பிள்ளைக்குத்தான் என்று அவளே பதில் சொல்லிக்கொண்டு, துவாலையில் சுற்றி டின்னில் போட்டு மூடினாள். மூன்று வாரம் ஆகிறது. இன்று அசையவில்லை. நூற்று முப்பத்தொன்று. நானேதான் அளவு சொல்லிவிட்டேனோ. இந்த வாக்கியம் காலை ஏழரையிலிருந்து அவளுக்குள் நடந்துகொண்டிருக்கிறது, எங்கே திருப்பிவிட்டாலும் சுற்றிக்கொண்டு அதே வாசலில் வந்து நிற்கிறது.

எழுந்து போய் போனைப் பார்த்தாள். இரண்டு கோடு இருந்தது, மணி பதினொன்று ஐம்பது. தானே கூப்பிடலாம். கூப்பிட்டு, மாப்பிள்ளை எடுக்காமல் போனால்? எடுக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், அவளுக்கு ஒன்றுதான் தோன்றும். கையுறை மாட்டிக்கொண்டு அசலின் இடுப்பு மடிப்பு எப்படித் திரும்புகிறது என்று ஒரு தரம் பார்த்தாள், பார்க்கத் தேவையில்லாமலேயே. இந்த உடம்பை அவளுக்கு இப்போது தன் உடம்பைவிட நன்றாகத் தெரியும். தோள் தையல் தோளில் இல்லை, கையில் இறங்கி நிற்கிறது. இதைப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, கொடியில் ஒரு துணி காயப்போட முடியாது. இடது தோளைவிட வலது தோள் அரை அங்குலம் தாழ்ந்தவள். முன்பக்கம் கொக்கி, கழுத்திலிருந்து இடுப்புவரை பதினான்கு. பக்கத் தையலில்தான் கதை இருந்தது. அங்கே ஊசி போன துளைகள் மூன்று வரிசையாகத் தெரியும். முதல் வரிசை இருபத்தாறு அங்குலத்துக்கு, பிறகு பிரித்து முப்பதுக்கு, மறுபடி முப்பத்துநான்குக்கு. கடைசியில் மறுபடி உள்ளே பிடித்து இருபத்தாறுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அம்சவேணிக்கு இதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஜாக்கெட் பிரித்துவிடச் சொல்லி வருகிற பெண்களின் முகத்தைப் பார்த்தே மாசம் சொல்கிறவள் அவள். வயிறு ஏறியிருக்கிறது, வயிறு இறங்கியிருக்கிறது. பிள்ளை என்ன ஆயிற்று என்றுதான் துணி சொல்லவில்லை. ஏறின வயிறு எப்படியும் இறங்கத்தானே செய்யும். மார்புப் பக்கம் லைனிங்கில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம், தொட்டால் கஞ்சி போட்டதுபோல மொடமொடப்பு. மிருணாளினி மேடம் ஈரம் பட்ட கறை என்றாள். அம்சவேணிக்குத் தெரியும். அது பால். ஆனால் பால் கறையும் சாட்சி இல்லை, பிள்ளை இல்லாதவளுக்கும் பால் வரும். கோகிலாவுக்கு அடுத்தவன் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் பால் கட்டியது. யாரிடம் சொல்வது, எதற்கென்று சொல்வது. மாமியார் மல்லிகைப்பூ வாங்கிவந்து ரெண்டு பக்கமும் வைத்து இறுக்கிக் கட்டினாள், கட்டினால் வற்றும் என்று. ஆறு நாள் வற்றவில்லை. சேலை, ஜாக்கெட், பாய், எல்லாம் பூவும் புளித்த பாலுமாக நாறியது. இன்றுவரை அவள் தலையில் மல்லிகை வைத்ததில்லை, கேட்பவர்களிடம் தலைவலி என்பாள். அப்போது ஒரு துண்டுத் துணி அவனுக்கென்று வெட்டியதில்லை. ஒரு பொட்டுக் குறையில்லாமல் எல்லா முறையும் காத்தார்கள், அவன் நிற்கவில்லை. ஆக வெட்டாததால் எதுவும் நின்றுவிடவில்லை. ஆக வெட்டியதாலும் ஒன்றும் ஆகாது. இவ்வளவு தெளிவாக நினைக்க முடிகிறது, ஆனால் கண் மறுபடி போனுக்குத்தான் போகிறது. நாற்காலிக்குத் திரும்பி வந்து ஊசியை எடுத்தாள். நூற்று முப்பத்திரண்டு.

மிருணாளினி மேடம் கையில் அட்டையும் பேனாவுமாக வந்தாள். சென்னைப் பெண், முப்பது வயசு இருக்கும், எந்தப் பொருளைத் தொட்டாலும் தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோலத் தொடுவாள், மனுஷர்களிடம் அந்தப் பொறுமை கிடையாது. அம்சவேணிக்கு அவளைப் பிடிக்கும். "எங்க இருக்கீங்கக்கா?" என்றாள். "நூத்து நாப்பத்தி ரெண்டுங்க மேடம்." "சூப்பர். லேபிள் ரெடி பண்ணிட்டேன், ஒரு தடவை கேளுங்களேன். பகல் நேர உடுப்பு, அச்சுப் பருத்தி, முழுவதும் கையால் தைத்தது. அணிந்தவர், அடையாளம் தெரியாத ஆங்கிலேயப் பெண். சேதம், இடுப்பு உள்மடிப்பில் எலி கடித்தது, இடது கழுத்தோரம் பூச்சி அரித்தது." எலி இல்லை என்று வாய்வரை வந்தது. எலி எங்கே கத்தரியால் வளைவு வெட்டும். பாவாடையின் மேல்விளிம்பில் நான்கு அங்குலத் துணியை உள்ளே மடித்துவிட்டிருக்கிறார்கள், நாளைக்கு நீளம் வேண்டுமென்றால் இறக்கலாம் என்று. நம் பாவாடையில் போடும் டக் போலத்தான். அந்த உள்மடிப்பில் பக்கத் தையலிலிருந்து பின்பக்கமாக ஒரு முழத்துக்குத் துணி இல்லை, ஓரம் வழவழவென்று ஒரே வெட்டு. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து வெட்டியிருக்கிறாள் கள்ளி. அம்சவேணி இதை முதல் வாரமே பார்த்தாள். எதற்கு வெட்டியிருப்பாள் என்பதும் தோன்றியது, தோன்றியதும் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "சேதத்தையெல்லாம் காப்பி பண்ண வேணாம்க்கா, ஞாபகம் இருக்கில்ல?" "இருக்குதுங்க." "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? வீட்ல ஏதாவது?" என்று மேடம் கேட்டாள். அம்சவேணி ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்தாள். "என்ற பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ரோடு அடைப்பு. போனுக்குப் பாத்துட்டிருக்கேனுங்க." மிருணாளினி அட்டையை மேசையில் வைத்தாள். "இதை அப்புறம் பாத்துக்கலாம், விட்டுடுங்க" என்றாள். "உட்டா என்ன பண்றதுங்க" என்றாள் அம்சவேணி. மேடம் அட்டையை எடுத்துக்கொண்டாள். டீ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீ வந்தது, ஆடை கட்டியது. நூற்றெண்பத்தெட்டு. மணி ஒன்றரை. ஸ்கேனுக்கு இவ்வளவு நேரமா? வரிசை இருக்கும். எப்போதும் வரிசைதான் அங்கே. வரிசையில் நிற்கிறவளுக்கு ஒரு போன் பண்ண முடியாதா? உள்ளே செருப்பும் போனும் கொண்டுபோகக்கூடாது. மாப்பிள்ளை வெளியில்தானே நிற்பார்? அவர் நல்லவர், கெட்ட சேதியை முதலில் சொல்லத் தெரியாதவர், யாராவது சொல்லட்டும் என்று தள்ளி நிற்பார். ஆகவே போன் வராததுதான் சேதியா. ஊசி தடம் மாறி ஆள்காட்டி விரலில் ஏறியது. பட்டியில் பட்டுவிடப் போகிறது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள், ரத்தமும் மெழுகும் சேர்ந்த ருசி. அப்படியே விரலை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பையைத் திறந்து துவாலையைப் பிரித்துச் சட்டையை எடுத்தாள். எறிய முடியாது, சரி. பிரிக்கலாம் அல்லவா. பிரித்தால் அது மறுபடி வெறும் சாம்பிள், இரண்டு கஜம் காடா. தைத்தது தப்பென்றால் பிரிப்பதுதானே தையல்காரி செய்யக்கூடியது. எந்தத் தப்பையும் அவளுக்கு வேறு விதமாகச் சரிபண்ணத் தெரியாது. பாதியாக உடைத்த பிளேடை எடுத்து, கழுத்தோரத்தில் முதல் தையலுக்கு அடியில் நுழைத்து அறுத்தாள். இரண்டாவது, மூன்றாவது. கைத்தையல் அத்தனை பொடியாக வந்திருந்தது, தன் வாழ்நாளில் அவள் போட்டதிலேயே நல்ல தையல் இதுதான், தெரியாமல் போட்டதால் இவ்வளவு நன்றாக வந்ததோ என்னவோ. ஒன்பது தையல் அறுத்தாயிற்று. கழுத்தோரம் ஒரு விரல் நீளத்துக்குத் திறந்து, நூல் நுனிகள் நீட்டிக்கொண்டன. பிரிந்த அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தாள். எதிரே மேசையில் வெள்ளைக்காரியின் கழுத்து, இடது பக்கம், இதே இடத்தில் திறந்து கிடந்தது.

எழுந்து போனாள். பூச்சி அரித்தது என்று சொல்லிக் காப்பி பண்ண வேண்டாம் என்றதால் இந்த ஐந்து வாரமும் வலது கழுத்தைப் பார்த்தே, உள்ளே கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங் ஓரத்துக்கு அளவெடுத்திருக்கிறாள், இந்தப் பக்கம் குனிந்ததே இல்லை. இப்போது குனிந்தாள். பூச்சி என்றால் துணியைத் தின்னும், ஓட்டை ஓட்டையாக விழும். இங்கே துணி தின்னப்படவில்லை, நைந்திருக்கிறது. பைப்பிங்குக்குள் இருந்த கயிறு வெளியே தெரிகிறது, அதுவும் உருண்டையாக இல்லை, தட்டையாகி நார் நாராகப் பிரிந்து காய்ந்திருக்கிறது. ஒரு தரம் நைந்து, அதே துணியில் புதுசாகக் குறுக்கே வெட்டிய பட்டி போட்டு மூடி, மூடினதும் மறுபடி நைந்திருக்கிறது. இடது பக்கம் மட்டும். பூச்சிக்கு இடது வலது ஏது. அம்சவேணியின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போயிற்று, தாலிக்கயிற்றுக்கு. கோகிலாவுக்கு ஏழு மாசத்தில் ஈறு ஊறல் எடுத்தபோது இடது தோளில் போட்டால் போதும், கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்து மெல்லுவாள். வாயெல்லாம் மஞ்சள், எச்சில் தோளில் வழியும். மாசத்துக்கு ஒரு கயிறு மாற்ற வேண்டியிருந்தது, கழற்றின கயிறு இப்படித்தான் தட்டையாக, நார் நாராக இருக்கும். இப்படியேதான் இருக்கும். இதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பல் முளைக்கிற வயசுவரை அந்தப் பிள்ளை இருந்திருக்கிறது, இந்தத் தோளில் சாய்ந்து கடித்திருக்கிறது, கை தூக்க முடியாத இந்தக் கவுன்காரி அதைத் தூக்கி வைத்திருக்கிறாள். அம்சவேணி மேசையைச் சுற்றி வந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு இடுப்பின் உள்மடிப்பை மெல்லத் திருப்பினாள், முதல் வாரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட அந்த வெட்டு. வெட்டின ஓரத்தின் மேலேயே ஏறிப் போகிறது கடைசி வரிசைத் தையல், வயிறு இறங்கின பிறகு மறுபடி இருபத்தாறுக்குப் பிடித்தார்களே, அந்தத் தையல். தையல் வெட்டின் மேல் ஏறியிருக்கிறதென்றால் வெட்டு முதலில், தையல் பிறகு. வயிறு முப்பத்துநான்கில் இருந்தபோதே வெட்டிவிட்டாள். யாருக்கும் தெரியாத இடத்தில், பிறக்குமுன், தன் கவுன் துணியிலேயே பிள்ளைச் சட்டைக்கு ஒரு முழம் வெட்டிக்கொண்டாள். ஆசை தாங்கவில்லை அவளுக்கும். வெட்டினாள், பிறந்தது, இருந்தது, கடித்தது. அம்சவேணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழும்போதும் அசலில் சொட்டிவிடாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேறு யார் வீட்டிலோ எந்தக் காலத்திலோ ஒரு குழந்தை பிழைத்ததற்கும் இன்று கோவையில் நடப்பதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தெரிந்தும் ஆறுதலாக இருந்தது. பயம் மட்டும்தான் சம்பந்தமில்லாமல் வரலாமா என்ன.

போன் அடித்தது. மூன்று எட்டில் ஜன்னலுக்குப் போனாள். மாப்பிள்ளை தினகரன். "அத்தை." "சொல்லுங்க மாப்பிள்ளை. எதுன்னாலும் சொல்லிப் போடுங்க." "துடிப்பு கொறையுதுன்னு சொன்னாங்க அத்தை. உடனே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன். உங்களுக்குக் கூப்பிடக்கூட..." "கோகிலா?" "நல்லா இருக்கா. மயக்கம் தெளியல." அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். அவனே சொன்னான். "பொண்ணுங்க அத்தை. அழுதுது, நான் கேட்டேன். ரொம்பச் சின்னது, எடை ஒண்ணு தொள்ளாயிரம்தான் இருக்குது. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. மூச்சு தானா எடுக்குது, ரெண்டு நாள் பாக்கணும்ங்கறாங்க." ரெண்டு நாள் என்றதும் அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்தாள். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான், நல்லது சொல்லி முடித்த தைரியத்தில். "நர்சு துணி கேக்கறாங்க. அம்மா வேட்டி கிழிச்சுக் கொடுத்தாங்க, போத்தறதுக்கு அது போதும். சட்டை மாதிரி ஏதாச்சும் மெத்துனு இருந்தா கொடுங்கன்னாங்க. கடையில எடுத்தது தொளதொளன்னு இருக்குது, ரெண்டு பிள்ளை உள்ளே போலாம். அம்மா அதெல்லாம் முன்னாலேயே எடுத்து வெக்கற பழக்கம் இல்ல, நாளைக்குப் பாக்கலாம்னாங்க." "எங்கிட்ட இருக்குது" என்றாள் அம்சவேணி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. "இருக்குதுங்களா?" "இருக்குது மாப்பிள்ளை. ரோடு தொறந்துட்டா மூணு மணி நேரத்துல வந்துருவோம். நீங்க ஒருவாய் ஏதாச்சும் சாப்பிடுங்க."

நாற்காலிக்கு வந்து சட்டையை மடியில் போட்டாள். பதின்மூன்று அங்குலம், ஒன்று தொள்ளாயிரம். அளவு சரியாக இருக்கும், அவள் கை அளவு தப்பியதில்லை. நான் அளவு சொன்னதால் இப்படி வந்தாளா, இப்படி வருகிறவளுக்கென்று கை முன்னாலேயே தைத்ததா. இந்தக் கேள்வி இனி சாகும்வரை கூட வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரட்டும், பிள்ளைக்கு இப்போது சட்டை வேண்டும். நூலை மெழுகில் இழுத்து, முடிச்சுப் போடாமல், நுனியை இரண்டு தரம் ஒரே இடத்தில் ஓட்டி நிறுத்திவிட்டு அறுத்த கழுத்தோரத்தைத் தைக்க ஆரம்பித்தாள். பிள்ளைத் துணியில் முடிச்சு உறுத்தும். ஒன்று. இரண்டு. கதவருகே மிருணாளினி மேடம் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு கேட்டாளோ. "கீழ ஜீப் வந்திருக்குக்கா. ரோடு திறந்தாச்சாம். உங்களைக் கூப்பிடறாங்க." "பேத்தி பொறந்திருக்குதுங்க மேடம்." மிருணாளினி உள்ளே வந்து, அவள் மடியில் இருந்ததைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "இது என் சாம்பிள்" என்றாள், பிறகு ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் விட்டாள். மூன்று. நான்கு. கீழே மாரப்பன் ஹாரன் அடித்தான். "மீதி மடிப்பு நூறு இருக்குதுங்க. நாளைக்கு நான் வர முடியாது, சனிக்கிழமையும் சொல்ல முடியாது." "பொம்மைக்கு ஒரு சால்வையைச் சுத்தி நிப்பாட்டிக்கிறேன், நீங்க கிளம்புங்க." ஐந்து. ஆறு. "அந்த அட்டையில பூச்சி அரிச்சதுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதை மட்டும் அடிச்சுப் போடுங்க மேடம்." "ஏன்க்கா, வேற என்ன அது?" "பல்லு மொளைக்கற கொழந்தை கடிச்சதுங்க. எலி கடிச்சதுன்னு போட்டிருக்கறது அந்தக் கொழந்தைக்குச் சட்டை வெட்டுனது." மிருணாளினி மேசைப் பக்கம் திரும்பி, கழுத்தின் இடது பக்கமாகக் குனிந்தாள். ஏழு. கீழே மறுபடி ஹாரன், இந்தத் தரம் கையை எடுக்காமல் நீளமாக அடித்தான். இன்னும் இரண்டு தையல் இருந்தது. அம்சவேணி அவசரப்படாமல் அதையும் போட்டாள்.